மேத் ஹெடரைச் சேர்க்கவே இல்லை, ‘லாக்’ என்று பெயர் வைத்தால் என்ன தப்பு?

மொரீஷியஸின் ரோஸ் ஹில்லிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அம்மாவின் காய்கறிக் கடைக் கணக்குக்காக சி மொழியில் ஒரு புரோகிராம் எழுதியிருக்கிறார். விற்பனையை ஃபைலில் பதிய ‘லாக்’ என்று ஒரு ஃபங்ஷன். கம்பைல் செய்தால், அது பில்ட்-இன் ஃபங்ஷனோடு பொருந்தவில்லை என்று ஜிசிசி கம்பைலர் எச்சரிக்கிறதாம். “நான் மேத் டாட் ஹெச் சேர்க்கவே இல்லையே” என்கிறார். ‘டோட்டல்’ என்ற பெயரும் கூடாது என்று நண்பர் சொன்னாராம், அது உண்மையா என்றும் கேட்கிறார்.

தம்பி, ஹெடர் என்பது கம்பைலருக்கு ஃபங்ஷனை அறிமுகம் செய்து வைக்கும் தாள், அவ்வளவுதான். ஃபங்ஷன் இருப்பது சி மொழியோடு வரும் லைப்ரரியில். லாகரிதம் கணக்கிடும் ‘லாக்’ அதில் ஏற்கெனவே இருக்கிறது, மேத் டாட் ஹெச் அதை அறிமுகம் செய்யும் ஹெடர். அதனால் ஸ்டாண்டர்ட் லைப்ரரி ஃபங்ஷனின் பெயரில், மற்ற ஃபைல்களுக்கும் தெரியும்படி நீங்கள் ஒரு ஃபங்ஷன் எழுதக் கூடாது. ஹெடரைச் சேர்த்தீர்களா இல்லையா என்பது இங்கே கணக்கே இல்லை. மீறினால் என்ன நடக்கும் என்பதற்கு சி மொழியின் விதிப்புத்தகமான ஸ்டாண்டர்ட் பொறுப்பேற்காது.

சும்மா பயமுறுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். மெமரியை ஒரே மதிப்பால் நிரப்பும் லைப்ரரி ஃபங்ஷன் ‘மெம்செட்’. ஒருமுறை அதை நானே எழுதிப் பார்த்தேன். நாலு வரி லூப்: பைட்டில் மதிப்பைப் போடு, அடுத்த பைட்டுக்குப் போ. நன்றாக ஓடியது. கோடை வேகமாக்கச் சொல்லும் மைனஸ் ஓ3 கொடுத்துக் கம்பைல் செய்ததும் புரோகிராம் அப்படியே நின்றுவிட்டது. அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் கம்பைலர் உருவாக்கிய அசெம்பிளி கோடைத் திறந்து பார்த்தால் என் லூப்பையே காணோம்! அந்தப் பழைய ஜிசிசி லூப்பைப் பார்த்து, ‘இது மெம்செட் செய்கிற வேலைதானே’ என்று அதைத் தூக்கிவிட்டு மெம்செட்டைக் கூப்பிட்டிருக்கிறது. அந்தப் பெயரில் இருந்ததோ என்னுடையது. தன்னைத் தானே கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.

சரி, ‘டோட்டல்’. லைப்ரரியில் இன்று அப்படி ஒன்று இல்லை. ஆனால் ஸ்டாண்டர்ட் நாளைக்கும் துண்டு போட்டு வைத்திருக்கிறது. ஐ-எஸ் அல்லது டி-ஓ என்று தொடங்கி அடுத்து ஒரு சின்ன எழுத்து வந்தால், அந்த ஃபங்ஷன் பெயர் ஒதுக்கப்பட்டது. எஸ்-டி-ஆர், எம்-ஈ-எம், டபிள்யூ-சி-எஸ் என்று தொடங்குபவையும் அப்படியே. ‘டோட்டல்’ அதில் மாட்டிக்கொண்டது. ‘ஐலண்ட்’ கூட மாட்டும், தீவில் இருந்துகொண்டு தீவு என்று பெயர் வைக்க முடியாது! நீங்கள் அனுப்பிய கோடில் தக்காளிக்கு பிரெஞ்சில் ‘தொமாத்’ என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது, அதுவும் டி-ஓ தான். சந்தையில் சொல்கிற மாதிரி ‘பொம்தாமூர்’ என்றே வைத்திருந்தால் தொல்லை இல்லை.

இந்த விதி கொஞ்சம் அதிகப்படி என்றுதான் எனக்குத் தோன்றும். ஸ்டாண்டர்டின் புதிய பதிப்பான சி23 அதைத் தளர்த்தியும் விட்டது: லைப்ரரி அந்தப் பெயரை உண்மையிலேயே கொண்டுவரும் வரை குற்றமில்லை. ஆனால் அதே சி23 தான், பல காலமாக ஸ்டாண்டர்டுக்கு வெளியே இருந்த ‘ஸ்டர்டப்’பை (எழுத்துச் சரத்தை நகலெடுக்கும் ஃபங்ஷன்) உள்ளே கொண்டுவந்தது. அந்தப் பெயரில் சொந்தமாக எழுதி வைத்திருந்தவர்கள் எத்தனை பேரோ.

அப்புறம், முன்னால் ஒரு அண்டர்ஸ்கோர் போட்டுத் தப்பிக்கப் பார்க்காதீர்கள். அண்டர்ஸ்கோருக்கு அடுத்துப் பெரிய எழுத்தோ இன்னொரு அண்டர்ஸ்கோரோ வந்தால், அந்தப் பெயரை எங்குமே தொடக் கூடாது. சின்ன எழுத்து வந்தாலும் ஃபங்ஷன்களுக்கும் குளோபல் வேரியபிள்களுக்கும் ஆகாது. ஃபங்ஷனுக்கு உள்ளே ‘டோட்டல்’ என்று ஒரு வேரியபிள் வைத்துக்கொண்டால் யாரும் கேட்கப் போவதில்லை.

உங்கள் ‘லாக்’குக்கு முன்னால் ஸ்டாட்டிக் என்று போட்டால் அது அந்த ஃபைலோடு நின்றுவிடும். ஆனால் என்றைக்காவது அதே ஃபைலில் மேத் டாட் ஹெச் சேர்த்தீர்களானால் மோதும். நான் என்றால் ‘கடை அண்டர்ஸ்கோர் லாக்’, ‘கடை அண்டர்ஸ்கோர் டோட்டல்’ என்று மாற்றிவிடுவேன். எடிட்டரில் இரண்டு நிமிட வேலை.