மெம்பர் நோட்டு

நேயர்களுக்கு வணக்கம். வியாசர்பாடிக்காரர் கால்பந்து பற்றிப் பேசப்போகிறார் என்றதும், மெஸ்ஸியா ரொனால்டோவா என்று ஆரம்பிப்பார் என நினைத்து ரேடியோவைச் சத்தமாக வைத்திருப்பீர்கள். கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். நான் பேசப்போவது ஒரு நோட்டைப் பற்றி. நீளமான, சிவப்பு முதுகு வைத்த, பைண்டு போட்ட கணக்கு நோட்டு. எங்கள் கிளப்பின் மெம்பர் நோட்டு. 1988ல் இருந்து அது என் கையில் இருக்கிறது.

நான் பெரிய ஆட்டக்காரன் இல்லை. ரைட் பேக் ஆடினேன். ஒன்று பந்து என்னைத் தாண்டிப் போகும், இல்லையென்றால் ஆள் போவான். இரண்டும் சேர்ந்து போகாமல் பார்த்துக்கொண்டதுதான் என் சாதனை. முட்டி போனதும் ஓரமாக உட்கார வைத்தார்கள். துறைமுகத்தில் டாலி கிளர்க் வேலை எனக்கு. "நீதான் எண்ணி எழுதுற ஆளாச்சே, இதையும் எழுது" என்று நோட்டைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். பகலில் கப்பலில் இருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணுவேன், சாயங்காலம் மனிதர்களை எண்ணுவேன். மூட்டை எண்ணுவது சுலபம். எண்ணி முடித்ததும் லாரி ஏறிப் போய்விடும். மனிதர்கள் திரும்பி வந்து "என் பேர்ல ஏன் புள்ளி வெக்கல" என்று கேட்பார்கள்.

எங்கள் பக்கத்தை மினி பிரேசில் என்று பத்திரிகைக்காரர்கள் எழுதுவார்கள். உலகக் கோப்பை வந்தால் சுவரெல்லாம் மஞ்சளும் நீலமுமாக மாறிவிடும். ஞாயிற்றுக்கிழமை ஃபைனல் என்றால் கிரவுண்டைச் சுற்றி நானூறு ஐந்நூறு பேர் நிற்பார்கள், மொட்டை மாடியில் நிற்பவர்கள் தனி. அவ்வளவு பேர் பார்க்கிறார்களே, இதில் கிளப்பின் ஆட்கள் யார்? கத்துகிற எல்லோருமா? ஜெர்சி போட்ட பதினோரு பேர் மட்டுமா? இந்தக் கேள்விக்குப் பதில் நோட்டில்தான் இருக்கிறது.

மொய் நோட்டு உங்கள் எல்லோருக்கும் தெரியும். கல்யாண வீட்டில் நூற்றியொரு ரூபாய் கொடுத்தவர், பேரை எழுதும் வரைக்கும் நகரமாட்டார். எழுதுகிறவர் தப்பாக எழுதினால் "எஸ். கண்ணன் இல்லப்பா, ஜி. கண்ணன்" என்று நின்று திருத்துவார். பணம் போய்ச் சேர்ந்ததா என்பது அவருக்கு இரண்டாவது விஷயம், பேர் ஏறியதா என்பதே முதல் விஷயம். கிளப் சந்தாவும் அப்படித்தான். நான் நோட்டை வாங்கியபோது மாதம் இரண்டு ரூபாய். அந்த இரண்டு ரூபாயை வைத்து ஒரு பந்துக்கு ப்ளாடர்கூட வாங்க முடியாது. ஆனால் அந்த இரண்டு ரூபாய்க்கு ரசீது கிழித்துக் கொடுத்தோம் பாருங்கள், அதுதான் கிளப்.

ரசீது பற்றி நான் பேச ஆரம்பித்தால் வீட்டில் எழுந்து போய்விடுவார்கள். நீங்கள் எழுந்து போக முடியாது, அதனால் சொல்கிறேன். காசை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு "சரிப்பா" என்று சொல்வது வேறு. ரசீது புத்தகத்தைத் தொடையில் வைத்து, கார்பன் பேப்பரைச் சரி செய்து, பேர் கேட்டு, தகப்பனார் பேர் கேட்டு, தெரு கேட்டு எழுதிக் கிழித்துக் கொடுப்பது வேறு. அந்த இரண்டு நிமிடம் நாம் அந்த ஆளுடன் நிற்கிறோம். பையன் என்ன படிக்கிறான், அம்மாவுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று எல்லாம் அந்த இரண்டு நிமிடத்தில்தான் வரும். இப்போது க்யூஆர் கோடு ஒட்டியிருக்கிறோம். நல்லதுதான், வசூல் ஏறியிருக்கிறது. ஆனால் போனில் "எஸ்.கே. ட்ரேடர்ஸ்" என்று ஐம்பது ரூபாய் வந்து விழுகிறது. யாருடைய ட்ரேடர்ஸ்? யாருக்கும் தெரியாது. நான் தெருத்தெருவாகப் போய், ஆளைக் கண்டுபிடித்து, ரசீதைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் வருவேன்.

சரி, நோட்டுக்கு வருவோம். அதில் தொழில் என்று ஒரு கட்டம் உண்டு. முதல் பக்கங்களை முன்பெல்லாம் புரட்டினால் எங்கள் பக்கத்துச் சரித்திரமே அந்தக் கட்டத்தில் இருந்தது. பின்னி மில், பின்னி மில், ஐசிஎஃப், ஹார்பர், ரயில்வே, மறுபடி பின்னி மில். ஷிப்ட் முடிந்து பஞ்சுத் தூசியோடு நேராக கிரவுண்டுக்கு வந்தவர்கள் அவர்கள். 1996ல் மில்லை மூடினார்கள். அந்த வருடத்துப் பக்கத்தில் சந்தாக் கட்டம் முழுக்க என் கையெழுத்தில் ஒரே வார்த்தை: பாக்கி, பாக்கி, பாக்கி.

ஆறு மாதம் சந்தா கட்டாவிட்டால் பேரை நீக்கலாம் என்று எங்கள் விதியில் இருந்தது. கமிட்டியில் ஒருவர் அதை எடுத்துப் படித்தார். அப்போதிருந்த செயலாளர், அவரும் மில் தொழிலாளிதான், ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "வேலை போனவன்கிட்ட பேரையும் புடுங்காதீங்கடா." நாங்கள் நீக்கவில்லை. பாக்கி என்று எழுதுவதையும் நிறுத்தவில்லை. பாக்கி என்று எழுதியிருக்கும் வரைக்கும் அவர் உள்ளேதானே இருக்கிறார்? 2003ல் ஒருவர் ஆட்டோவைக் கிரவுண்டு ஓரம் நிறுத்திவிட்டு வந்து, ஏழு வருடப் பாக்கியை மொத்தமாக எண்ணி வைத்தார். எனக்குக் கை நடுங்கியது. எண்பத்து நான்கு ரசீது வேண்டும் என்றார், மாதத்துக்கு ஒன்றாக. கொடுத்தேன். கார்பன் தீர்ந்துபோய் வேறு வாங்கி வந்தோம்.

எங்கள் தப்பையும் சொல்லிவிடுகிறேன். ஒரு தேர்தல் சமயத்தில் ஒரு பெரிய மனிதர் வந்தார். "எல்லார் சந்தாவையும் நானே கட்டிடறேன், எவ்ளோ பேர வேணா சேத்துக்கோங்க" என்றார். நானும் தலையாட்டினேன், அதை மறைக்க மாட்டேன். ஒரே மாதத்தில் நானூற்றுச் சொச்சம் பேர். நோட்டு போதாமல் புது நோட்டு வாங்கினோம். அடுத்த வருடம் அவர் வரவில்லை. நானூறு பேரில் அறுபத்தியொரு பேர்தான் கட்டினார்கள். அதுகூடப் பரவாயில்லை. பதினைந்து வருடமாக ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருந்தவர் ஒருவர் என்னிடம், "அவரு கட்டுவாருல்ல, நான் எதுக்கு?" என்று கேட்டார். அந்த ஆளைத் திரும்பக் கொண்டுவர எனக்கு மூன்று வருடம் ஆனது.

ஸ்பெயினில் பார்சிலோனா கிளப் இருக்கிறதே, 1899ல் தொடங்கியது, அதற்கு முதலாளி கிடையாது. சந்தா கட்டும் உறுப்பினர்கள் ஒரு லட்சத்துக்கு மேல் இருக்கிறார்கள், அவர்கள் ஓட்டுப்போட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அங்கே 1990ல் ஒரு சட்டம் வந்து, தொழில்முறை கிளப்புகளை எல்லாம் கம்பெனியாக்கினார்கள். தப்பித்தவை நான்கு: பார்சிலோனா, ரியல் மாட்ரிட், அத்லெடிக் பில்பாவ், ஒசாசுனா. இங்கே நம் ஊரில் சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975 இருக்கிறது. ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம். வருடா வருடம் பொதுக்குழு கூட்ட வேண்டும், கணக்கு காட்ட வேண்டும். பார்சிலோனா உறுப்பினருக்கு இருக்கிற அதே ஓட்டு எங்கள் தெரு முனை பஞ்சர் கடைக்காரருக்கும் உண்டு. அவர் அதைப் பயன்படுத்தி என்னை இரண்டு முறை கேள்வி கேட்டு வியர்க்க வைத்திருக்கிறார்.

ஆனால் என் மனதுக்குப் பிடித்தது பார்சிலோனா இல்லை. பெர்லினில் யூனியன் பெர்லின் என்று ஒரு கிளப். தொழிலாளர்கள் இருக்கும் பகுதி, நம்ம பக்கம் மாதிரி. 2004ல் கிளப்பிடம் காசில்லை. ஆதரவாளர்கள் வரிசையில் நின்று ரத்தம் கொடுத்து, அதற்குக் கிடைத்த பணத்தைக் கிளப்புக்குக் கொடுத்தார்கள். அப்புறம் மைதானம் இடிந்து விழும் நிலையில் இருந்தது. 2008, 2009ல் இரண்டாயிரம் பேருக்கு மேல் சேர்ந்து, சம்பளம் இல்லாமல், மொத்தம் 1,40,000 மணி நேரம் வேலை செய்து அதைப் புதுப்பித்தார்கள். கான்கிரீட் கலக்கினார்கள், கம்பி கட்டினார்கள். இரண்டாயிரம் பேர்! எங்கள் கிளப்பில் கோல் போஸ்டுக்கு வலை கட்ட நான்கு பேரைப் பிடிப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்குகிறது.

ஆனால் இதில் ஒன்று கவனித்திருக்கிறேன். புதிதாக ஒரு பையன் வந்தால் நான் முதலில் சந்தா கேட்க மாட்டேன். சுண்ணாம்புப் பொடி டப்பாவைக் கையில் கொடுத்து, "தம்பி, அந்தப் பக்கக் கோட்டைப் போடு" என்பேன். கோடு கோணலாகத்தான் வரும். ஆட்டம் முழுக்க அவன் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருப்பான். அடுத்த வாரம் அவனாகவே சந்தாவோடு வருவான்.

இப்போது நான் சொல்லத்தான் வந்த கதை. 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். உங்களில் பாதிப் பேர் வீட்டிலும் தண்ணீர் வந்திருக்கும், நான் விவரிக்க வேண்டியதில்லை. கிளப் அறை ஷீட்டு போட்ட சின்ன அறை. கோப்பைகளை எல்லாம் மேல் தட்டில் வைத்திருந்தோம், பளபளவென்று தெரிய வேண்டுமே. நோட்டு பீரோவின் கீழ்த்தட்டில். இரண்டு நாள் தண்ணீரில் கிடந்தது. எடுக்கும்போது ஊறிய ரொட்டி மாதிரி கனத்தது.

வெயிலில் வைத்தால் பக்கம் ஒட்டிக்கொண்டு கிழியும் என்று தெரியும். தெருவில் இஸ்திரி போடும் அக்கா ஒருவர் இருக்கிறார். "குடுங்கண்ணா" என்று வாங்கி, ஒவ்வொரு தாளுக்கு நடுவிலும் தினசரிப் பேப்பரை வைத்து, கரி பெட்டியை அழுத்தாமல் மேலாக ஓட்டினார். மூன்று நாள். ஆவியும் சேற்று நாற்றமும் கிளம்பும். பால்பாயிண்ட் பேனாவில் எழுதிய பேரெல்லாம் அப்படியே இருந்தன. ஆனால் முதல் எட்டு ஒன்பது வருடம் நான் மை பேனாவில்தான் எழுதினேன். கையெழுத்து அழகாக இருக்கும் என்ற கர்வம். அந்தப் பக்கங்களில் நீலமாக மேகம் மாதிரி ஒன்று பரவி நின்றது, அவ்வளவுதான். நூற்றுப் பன்னிரண்டு பேர் போய்விட்டார்கள். மில்லில் இருந்து நேராக வந்தவர்கள், வேலை போனபோதும் நாங்கள் நீக்காமல் வைத்திருந்தவர்கள்.

பழைய ரசீது இருந்தால் கொண்டு வாருங்கள் என்று தெருத்தெருவாகச் சொன்னோம். யார் வைத்திருக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். வந்தார்கள் ஐயா. ரேஷன் கார்டுக்குள் மடித்து வைத்தது, சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தது, பிளாஸ்டிக் கவரில் பத்திரத்தோடு வைத்தது. அந்த ஆட்டோக்காரர் எண்பத்து நான்கையும் ரப்பர் பேண்டு போட்டுக் கொண்டுவந்தார். பிறகு ஒரு வயதான அம்மா. ஹார்லிக்ஸ் பாட்டிலைத் திறந்து ஒரு ரசீதை எடுத்தார். 1991, இரண்டு ரூபாய், என் கையெழுத்து. ரசீதில் கார்பனுக்காக எப்போதும் பால்பாயிண்டுதான், அதனால் தெளிவாக இருந்தது. "அவர் போய்ப் பத்து வருஷமாச்சு. பேர் எழுதுவியா தம்பி?" என்றார். போனவர் பேரை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று கமிட்டியைக் கேட்க வேண்டும். நான் கேட்கவில்லை. அவர் இருந்த எண்ணிலேயே எழுதினேன்.

யூனியன் பெர்லின் 2019ல் முதல்முறையாக ஜெர்மனியின் முதல் டிவிஷனுக்கு ஏறியது. அந்த முதல் ஆட்டத்துக்கு ரசிகர்கள், அந்த நாளைப் பார்க்காமல் போய்ச் சேர்ந்துவிட்ட தங்கள் ஆட்களின் படங்களைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அந்தப் படத்தைப் போனில் பார்த்துவிட்டு நான் ரொம்ப நேரம் பேசவில்லை.

நான்கு மாதத்தில் தொண்ணூற்றேழு பேர் திரும்பக் கிடைத்தார்கள். பதினைந்து பேர் கிடைக்கவில்லை. புது நோட்டில் எண்ணை மாற்றிப் போட்டுவிடலாம் என்றார்கள். லிஸ்பனில் பென்ஃபிகா கிளப்பில் அப்படித்தான், அவ்வப்போது எண்ணை மாற்றுவார்கள். மூத்தவர்கள் போகப் போக உங்கள் எண் சின்னதாகும், அதை அங்கே பெருமையாகச் சொல்வார்களாம். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பதினைந்து கோட்டையும் காலியாக விட்டிருக்கிறேன். யாராவது ரசீதோடு வரலாம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிகழ்ச்சிப் பொறுப்பாளர் இரண்டு விரலைக் காட்டுகிறார். பெண் பிள்ளைகளைப் பற்றி ஐந்து நிமிடம் பேச எழுதி வைத்திருந்தேன், எல்லாவற்றையும் ரசீதே சாப்பிட்டுவிட்டது. சுருக்கமாகச் சொல்கிறேன். எங்கள் நோட்டில் முதல் பெண் பேர் ஏறியதே 2016ல்தான், அது எங்கள் வெட்கக்கேடு. இன்றைக்குக் காலைப் பயிற்சிக்கு வருபவர்களில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு அவர்கள். சேர்க்கும்போது ஒரு பிள்ளை தகப்பன் பேர்க் கட்டத்தைப் பார்த்துவிட்டு, "தாத்தா, எங்க அம்மாதான் காசு குடுத்தாங்க, அம்மா பேர எழுதுங்க" என்றது. எழுதினேன். புது நோட்டில் அந்தக் கட்டத்துக்குத் தலைப்பையே மாற்றிவிட்டேன்.

ஒரு விரல் காட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு நான் கிரவுண்டு ஓரம், வேப்ப மரத்தடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பேன். இப்போது சந்தா மாதம் ஐம்பது ரூபாய், பள்ளிப் பிள்ளைகளுக்குப் பத்து. பால்பாயிண்ட் பேனாதான் வைத்திருக்கிறேன். ரசீது வாங்காமல் போகாதீர்கள். நன்றி, வணக்கம்.