தாயில்லா இறைச்சிக்கு ஒரு வக்காலத்து

நடுவர் அவர்களுக்கும், இரு அணியினருக்கும், கடிகாரம் பார்க்காமல் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கும் வணக்கம்.

“உயிர்க்கொலையை நிறுத்தப்போவது மனமாற்றமா, மாற்று இறைச்சியா?” என்பது தலைப்பு. மாற்று இறைச்சியே, அதாவது விலங்கைக் கொல்லாமல் ஆய்வகத்தில் வளர்க்கும் இறைச்சியே, என்று பேச வந்திருக்கிறேன். தலைப்பு ஓடிவிடாது. முதலில் எதிரணித் தலைவரோடு ஒரு கணக்குத் தீர்க்க வேண்டியிருக்கிறது.

என்ன சொன்னார்? “ஆய்வகத் தொட்டியில் வளர்வது தாயில்லா இறைச்சி, அது உருப்படுமா?” என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். தட்டிய கைகளைக் குறித்துவைத்திருக்கிறேன்.

ஐயா, அதற்குத் தாய் உண்டு. உயிருள்ள மாட்டுக்கு மரத்துப்போகும் ஊசி போட்டு, தசையில் ஒரு சிறு துணுக்கை எடுக்கிறார்கள். அதிலுள்ள செல்களைப் பிரித்து, சர்க்கரையும் அமினோ அமிலங்களும் கலந்த ஊட்டக் கரைசலில் பெருக வைக்கிறார்கள். மாடு மேயப் போய்விடுகிறது. எங்கள் இறைச்சியின் தாய் சாவகாசமாக அசைபோட்டுக்கொண்டிருக்கிறாள். மதியம் உங்கள் தட்டில் இருந்ததன் தாய் எங்கே ஐயா? மனமாற்றம் பேச வந்தவர் எனக்கு எதிரே உட்கார்ந்து எலும்பை உறிஞ்சிய அழகை, சபை நாகரிகம் கருதி நான் சொல்லப்போவதில்லை. இரண்டாம் முறை கேட்டு வாங்கியதையும் சொல்லப்போவதில்லை!

இப்போது லண்டனுக்கு வாருங்கள். 2013 ஆகஸ்ட் 5. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் போஸ்ட் ஒரு தட்டோடு வருகிறார். தட்டில் உள்ளங்கை அகலத்தில் ஒரே ஒரு பர்கர் இறைச்சி. செலவு சுமார் இரண்டரை லட்சம் யூரோ! பணம் கொடுத்தவர் கூகுள் நிறுவனர்களில் ஒருவரான செர்கே பிரின். நாமாக இருந்தால் அதைத் தின்போமா, வங்கிப் பெட்டகத்தில் வைப்போமா? சுமார் இருபதாயிரம் தசை இழைகளைச் சேர்த்துச் செய்தது. நிறம் வெளுத்திருந்ததால் பீட்ரூட் சாறும் குங்குமப்பூவும் சேர்த்தார்கள். நடுவர் அவர்களே, குங்குமப்பூவே மலிவுச் சரக்காகிவிட்ட தட்டு உலகத்தில் அது ஒன்றுதான்!

சமையல்காரர் வெண்ணெயில் வாட்டுகிறார். நினைத்துப் பாருங்கள், அவர் கை நடுங்கியிருக்காதா? கொஞ்சம் தீய்ந்தால் போச்சு, ஒரு வீடு போச்சு. ஒரு துணுக்கு கீழே விழுந்தால் மேசைக்கடியில் புகுந்து தேட மாட்டோமா? ஆஸ்திரிய உணவு ஆய்வாளர் ஹன்னி ரூட்ஸ்லர் ஒரு விள்ளல் எடுக்கிறார். மெல்லுகிறார். உலகமே அவர் தாடையைப் பார்க்கிறது. இன்னும் மெல்லுகிறார். விஞ்ஞானி எச்சில் விழுங்குகிறார். கடைசியில் அந்த அம்மையார் சொன்ன குறை என்ன தெரியுமா? உப்பும் மிளகும் போதவில்லையாம்!

இரண்டரை லட்சம் யூரோ! உப்புப் போதவில்லை!

சிரியுங்கள், ஆனால் கவனியுங்கள். இறைச்சிக்கு நெருக்கமாக இருக்கிறது, சாறுதான் குறைவு என்றும் அவரே சொன்னார். உப்புக் குறைந்தால் திட்டு வாங்குவது சமையல்காரர். இறைச்சியை யார் திட்டுகிறார்கள்? 2020 டிசம்பரில் சிங்கப்பூர் ஆய்வகக் கோழி இறைச்சியை விற்க அனுமதித்துவிட்டது. இத்தாலியோ 2023-இல் தடைச் சட்டம் போட்டது. கடைக்கே வந்து சேராத பண்டத்துக்குத் தடை! வராத மாப்பிள்ளைக்கு வாசலில் பூட்டு!

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய சகோதரி, அந்த ஊட்டக் கரைசலில் கன்றுக் கருவின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் சீரம் என்ற திரவத்தைக் கலக்கிறார்களே என்றார். முதல் பர்கருக்குக் கலந்தார்கள், மறுக்கவில்லை. போஸ்ட் உருவாக்கிய மோசா மீட் நிறுவனமே அந்தச் சீரம் இல்லாமல் மாட்டுத் தசையை வளர்க்கும் முறையை 2022-இல் வெளியிட்டுவிட்டது. சகோதரி, அடுத்த மேடைக்கு வேறு கேள்வி கொண்டுவாருங்கள்.

மனமாற்றத்துக்கு வருகிறேன். இறைச்சி மட்டுமல்ல, பால், முட்டையும் தொடாதவர்கள் வீகன்கள். அவர்களின் வீகன் சங்கம் பிரிட்டனில் தொடங்கியது 1944-இல். எண்பது வருடங்களாக நல்லவர்கள் தொண்டை வறளப் பேசுகிறார்கள். இன்றும் உலகத்தில் ஆண்டுக்கு எட்டாயிரம் கோடிக்கு மேல் நிலவாழ் விலங்குகள் வெட்டப்படுகின்றன. விருந்தில் ஒருவர் “நான் வீகன்” என்று சொல்லிப் பார்க்கட்டும். அதுவரை புரதம் என்றால் என்னவென்றே யோசிக்காத பெரியப்பா, “புரதத்துக்கு என்னப்பா செய்வாய்?” என்று கரண்டியோடு எழுந்து நிற்பார். அந்தப் பிள்ளை உயிர்களைக் காப்பாற்றுவதா, பெரியப்பாவிடமிருந்து தன்னைக் காப்பாற்றிக்கொள்வதா?

ஆய்வக இறைச்சி இன்னும் விலை அதிகம், உண்மைதான். அதை விடுங்கள், அந்தக் கோழியைப் பாருங்கள். சாதாரணமாக ஐந்தாறு வருடம் வாழக்கூடிய உயிர். பண்ணையில் அதற்கு ஆறு வாரம்தான் கெடு. ஆறாவது வாரத்திலும் அது கொக்கரிப்பதில்லை ஐயா, குஞ்சு மாதிரி கீச்சுக் கீச்சென்றுதான் கத்துகிறது. உடம்பு மட்டும் ஊதிப்போய், கால்கள் தாங்காமல் பல கோழிகள் மார்பை ஊன்றிக் கிடக்கின்றன. லாரியில் ஏற்றப்படுகிறபோதுதான் பல கோழிகளுக்கு முதன்முதலாக வெயில் படுகிறது. நாம் பெரிய கோழி என்று வாங்கி வருவது ஒரு குழந்தையை. தாயைப் பற்றிப் பேசினீர்களே, இன்குபேட்டரில் பொரித்த அந்தக் குஞ்சு ஒரு நாளாவது தாயின் சிறகுக்குள் படுத்திருக்குமா? தாயில்லாமல் வளர்ந்தது எது? சொல்லுங்கள், எது?

மணி அடிக்கிறார்கள், முடித்துக்கொள்கிறேன். உலகத்தின் மனம் மாற எத்தனை நாள் ஆகும் என்று எதிரணித் தலைவர் இந்த மேடையிலேயே சொல்லட்டும். ஆறு வாரத்துக்குள் முடியும் என்றால், என் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அவர் பக்கத்திலேயே போய் உட்கார்ந்துகொள்கிறேன். வணக்கம்.