தண்டலை அடைக்க இன்னொரு தண்டல்: வறுமைக்குக் காரணம் புத்தியா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். பற்றாக்குறை மனநிலையை, அதாவது பணம் போதாதப்ப மனசு முழுக்க அதுலயே மாட்டிக்கறதைப் பத்திப் போன தடவை பேசினதுக்கு நிறைய கேள்வி வந்திருக்கு. அதுல ஒண்ணு என்னை விடவே இல்ல. அப்படியே படிக்கறேன். "சார், என் சித்தப்பா மகன் டிகிரி முடிச்சவன், தள்ளுவண்டியில காய்கறி விக்கறான். ஒரு தண்டல் முடியறதுக்குள்ள இன்னொரு தண்டல் வாங்கி முன்னதை அடைக்கறான். வட்டியைச் சொன்னா 'தெரியும்ணே'ங்கறான். தெரிஞ்சே செய்யறான்னா, வறுமைக்குப் பாதிக் காரணம் அவங்க புத்திதானே?"

கேட்டவர் இளக்காரமா கேக்கல, அக்கறையாத்தான் கேக்கறார். அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

முதல்ல தண்டல், அதாவது தினம் வந்து வசூல் பண்ற வட்டிக் கடன், அதோட கணக்கைப் பாத்துடுவோம். பல ஊர்ல இருக்கற வழக்கம் இது: 10,000 ரூபான்னு எழுதிக்குவாங்க, 1,500 முன்னாடியே பிடிச்சுட்டு 8,500 கையில கொடுப்பாங்க. தினம் 100 ரூபா வீதம் 100 நாள் கட்டணும். "மூணு மாசத்துக்கு 1,500 ரூபா, பரவாயில்லையே"ன்னு தோணும். ஆனா அந்த 8,500 நூறு நாளும் உங்க கையில இருக்காது. மறுநாளே 100 ரூபா திரும்பப் போக ஆரம்பிச்சுடும். கூட்டிக் கழிச்சுப் பாத்தா சராசரியா 4,500 சொச்சம்தான் உங்ககிட்ட இருக்கு. அதுக்குத்தான் 1,500 கொடுக்கறீங்க. மாசத்துக்குப் பத்து வட்டி, வருஷத்துக்கு 120 சதவீதம் ஆகுது.

இப்ப அறுபதாவது நாள் இன்னொரு தண்டல் வாங்கறார்னு வைங்க. புது 8,500-ல பழைய பாக்கி 4,000 போயிடும். கையில நிக்கறது 4,500. பழைய தண்டலை 40 நாள் முன்னாடியே முடிச்சாரே, அதுக்கு ஏதாவது கழிப்பாங்களா? பெரும்பாலும் கிடையாது. நூறு நாளைக்குன்னு பிடிச்ச 1,500, அறுபது நாளைக்கே செலவாயிடுச்சு. பத்து வட்டி பன்னெண்டு வட்டியைத் தொடுது. "தெரியும்ணே"ன்னு அவர் சொல்றது அந்த 1,500-ஐத்தான். இந்தப் பன்னெண்டு வட்டியை உக்காந்து போட்டுப் பாக்க அவருக்கு நேரமும் இல்ல, மனசுல இடமும் இல்ல. அந்த இடம் எங்க போச்சுங்கறதுதான் விஷயம்.

வழக்கமா பாக்கறவங்களுக்கு இது தெரியும், இந்த ஆய்வை நான் அடிக்கடி எடுப்பேன். மறுபடியும் எடுக்கறேன், ஏன்னா இதுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியல. 2013-ல சயன்ஸ் இதழ்ல வந்தது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவ் நாலு பேரும் செஞ்சது. நம்ம விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்கள்ல 54 கிராமம், 464 கரும்பு விவசாயிகள்.

ஏன் கரும்பு? ஏழையையும் பணக்காரரையும் பக்கத்துல நிறுத்திப் பாத்தா படிப்பு, சாப்பாடு, வளர்ந்த சூழல் எல்லாமே வேற வேறயா இருக்கும். எதனால வித்தியாசம்னு சொல்ல முடியாது. கரும்பு விவசாயிக்கு வருஷத்துக்கு ஒரு வெட்டு, ஒரு தடவைதான் பெரிய பணம். வெட்டுக்கு முன்னாடி அவரே ஏழை, பணம் வந்ததும் அவரே வசதியானவர். அதுலயும் ஒரு நுணுக்கம் இருக்கு. எல்லாக் கரும்பையும் ஒரே நேரத்துல ஆலை அரைக்க முடியாது. வெட்டு உத்தரவு மாசக்கணக்கா முன்னே பின்னே வரும். ஒரே மாசத்துல ஒருத்தர் பணம் வாங்கி முடிச்சிருப்பார், பக்கத்து வயல்காரர் கரும்பு நின்னுக்கிட்டே இருக்கும். அதனால பொங்கல் செலவு, வெயில், மழைன்னு பருவத்து மேல பழி போட வழியில்ல.

வெட்டுக்கு முன்னாடி 78 சதவீதம் பேர் எதையாவது அடகு வச்சிருந்தாங்க. அப்புறம் பாத்தா 4 சதவீதம். கடன் இருந்தவங்க 99 சதவீதம், அது 13-ஆ குறைஞ்சுது.

ரெண்டு சோதனை வச்சாங்க. ஒண்ணு, ஒரு துண்டு விட்டுப்போன படம். எந்தத் துண்டு பொருந்தும்னு கண்டுபிடிக்கணும். இன்னொண்ணு எனக்கு ரொம்பப் பிடிச்சது. இப்பவே செஞ்சு பாருங்க. 5 5 5-ன்னு எழுதியிருக்கும். என்ன எண்ணுன்னு கேக்க மாட்டாங்க, எத்தனை எண்ணுன்னு கேப்பாங்க. "மூணு"ன்னு சொல்லணும். வாய் "அஞ்சு"ங்கும். அந்த அஞ்சை அடக்கறதுக்கு மனசுக்குத் தெம்பு வேணும். இந்தச் சோதனையை முடிக்க வெட்டுக்கு முன்னாடி சராசரியா 146 விநாடி ஆச்சு, அப்புறம் 131. தப்பும் குறைஞ்சுது. படச் சோதனையில பத்துக்கு 4.35 எடுத்தவங்க 5.45 எடுத்தாங்க. ரெண்டாந்தடவை பழகிட்டதாலன்னு சொல்லிடக் கூடாதுன்னு, சில பேரை வெட்டுக்கு அப்புறம்தான் முதல் தடவையா சோதிச்சாங்க. அவங்களும் நல்லாவே செஞ்சாங்க.

ஆள் அதே ஆள். மாசம்தான் வேற.

ஒரு சின்ன ஓட்டல்ல ஒருத்தரே தோசை சுட்டு, பார்சல் கட்டி, கல்லாவும் பாக்கறார். மீதிச் சில்லறை தப்பா வருது. அவருக்குக் கணக்குத் தெரியலன்னா சொல்லுவோம்? வெட்டுக்கு முன்னாடி அந்த விவசாயி மனசுல அடகு நகை, வெட்டுக்கூலி, பிள்ளை ஃபீஸ் மூணும் நாள் முழுக்க ஓடிக்கிட்டே இருக்கு. மத்ததுக்கு மீதி குறைச்சல்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிடணும். அமெரிக்காவுல சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் இதே மாதிரி சோதிச்சு 2016-ல ஒரு ஆய்வு வந்துது. சிந்தனைத் திறன்ல வித்தியாசம் தெரியல. அங்க ரெண்டுக்கும் நடுவுல சில நாள்தான். ஒரு வருஷக் கரும்புப் பணத்தோட அதை நேரா ஒப்பிட முடியாதுன்னு நான் நினைக்கறேன். ஆனா "பணமில்லாதவனுக்கு மூளை குறையும்"னு இதை வச்சு யாராவது மொட்டையா சொன்னா ஒத்துக்காதீங்க.

ஒடிசாவுல இன்னும் நேரடியா பாத்தாங்க. இலைத்தட்டு தைக்கற வேலை, எண்ணிக்கைக்குக் கூலி. சிலருக்கு மட்டும் சேர வேண்டிய கூலியில ஒரு பங்கை முன்னாடியே கொடுத்தாங்க. கூடுதலா ஒண்ணும் இல்ல, அவங்க சம்பாதிச்சதுதான். வாங்கினவங்க உடனே கடனை அடைச்சாங்க, வீட்டுக்குச் சாமான் வாங்கினாங்க. அப்புறம் உற்பத்தி 7 சதவீதம் ஏறுச்சு, கவனக்குறைவான தப்பும் குறைஞ்சுது. ரொம்ப நெருக்கடியில இருந்தவங்ககிட்டதான் மாற்றம் அதிகம்.

பணம் மட்டும்தான் விஷயம்னு இல்ல. உத்தரப் பிரதேச கிராமப் பசங்களுக்குத் தாள்ல வழி கண்டுபிடிக்கற புதிர் கொடுத்தாங்க. சாதி சொல்லாதப்ப எல்லாரும் ஏறக்குறைய ஒரே அளவுல போட்டாங்க. பேரோட சாதியையும் எல்லார் முன்னாடியும் வாசிச்சதும் ஒடுக்கப்பட்ட சாதிப் பசங்க பின்தங்கிட்டாங்க. இதையும் யோசிச்சுப் பாருங்க.

"சரி, அப்ப கடனை அடைச்சுவிட்டா தீர்ந்துடுமா?" அதையும் செஞ்சு பாத்திருக்காங்க. சென்னையிலயும் பிலிப்பைன்ஸ்லயும் சின்ன வியாபாரிகளோட கந்துவட்டிக் கடனை ஆய்வாளர்களே அடைச்சாங்க. ஆறு வாரத்துக்குள்ள பெரும்பாலானவங்க மறுபடி கடன்ல. இதைக் கேட்டதும் "பாத்தீங்களா, புத்தி!"ன்னு சொல்லத் தோணும். எனக்கு அப்படித் தோணல. கடன் போச்சு, ஆனா கையிருப்பு வரலையே. குழந்தைக்குக் காய்ச்சல், ஒரு நாள் மழை, வண்டிச் சக்கரம் உடையறது, எதுக்கும் எடுக்க ஒண்ணும் இல்ல. கடன் பூஜ்யம், கையிருப்பும் பூஜ்யம்னா அடுத்த அடிக்கு மறுபடி தண்டல்தான்.

அதனால "அவர் ஏன் இப்படி முடிவெடுக்கறார்"ங்கறதைவிட "எந்த நேரத்துல அவரை முடிவெடுக்கச் சொல்றோம்"னு கேட்டா எனக்கு ரொம்ப சந்தோஷம். கென்யாவுல அறுவடை முடிஞ்ச கையோட, "இப்பவே பணம் கட்டினா உரத்தை வீட்டுக்கே இலவசமா கொண்டுவந்து தர்றோம்"னாங்க. பின்னாடி பாதி விலைக்கு உரம் கொடுத்தா எவ்வளவு பேர் வாங்குவாங்களோ, ஏறக்குறைய அதே பலன் கிடைச்சுது. நம்ம ஊர்ல கரும்பு நிக்கறப்ப பயிற்சி வகுப்பு, கரும்பு நிக்கறப்ப பத்துப் பக்க விண்ணப்பம். கரும்பு அனுப்பின 14 நாளுக்குள்ள ஆலை பணம் கொடுக்கணும், தாமதமானா 15 சதவீத வட்டி தரணும்னு 1966 கரும்புக் கட்டுப்பாட்டு ஆணையில இருக்கு. பாக்கி மாசக்கணக்கா நிக்கறப்ப அந்த வீட்டுல வட்டி மட்டுமா ஏறுது? அந்த வீட்டுக்காரரோட யோசனையையும் சேத்துத்தான் நிறுத்தி வைக்கறாங்க.

இப்ப கேட்டவருக்கு. உங்க தம்பிகிட்ட தண்டல்காரர் வர்ற சாயங்காலத்துல புத்தி சொல்லாதீங்க. வியாபாரம் நல்லா போன மறுநாள் காலையில உக்காருங்க. நான் சொன்ன கணக்கை நீங்களே தாள்ல எழுதிக் காட்டுங்க, அவரைப் போடச் சொல்லாதீங்க. ஓடற தண்டலை நடுவுல அடைக்க வேண்டாம், நூறாவது நாள் வரைக்கும் கட்டட்டும். கூடவே தினம் 20 ரூபா தனியா, வீட்டுல இல்லாம, தபால் ஆபீஸ் கணக்குலயோ நம்பிக்கையான வேற ஒருத்தர்கிட்டயோ போகட்டும். நூறு நாள்ல 2,000. தண்டல் முடிஞ்ச மறுநாள் அந்த 100 ரூபா கட்டற பழக்கம் இருக்கும் பாருங்க, அதை நிறுத்த விடாதீங்க. அதே ஆள், அதே நேரம், அதே 100 ரூபா, இனி அவர் கணக்குலயே விழட்டும். வண்டிச் சக்கரம் உடைஞ்சா அதுலேர்ந்து எடுக்கட்டும், எடுத்ததுக்காக அவரைத் திட்டாதீங்க. அதுக்குத்தான் அந்தப் பணம்.

அடுத்த கேள்விக்குப் போலாம்.