தங்கத்துக்குப் பிறகு மாரியப்பன்

எல்லோருக்கும் வணக்கம். பிள்ளைகள் வெயிலில் உட்கார்ந்திருக்கிறார்கள், அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். மாரியப்பன் தங்கவேலு பற்றித்தான் பேசப் போகிறேன். பெயரைச் சொன்னதுமே கை தட்டுகிறீர்கள், ரொம்ப சந்தோஷம். ஆனால் இந்தக் கைதட்டல், மாற்றுத்திறனாளிகளுக்கான ஒலிம்பிக்கான பாராலிம்பிக்கில், 2016 ரியோவில், உயரம் தாண்டி அவர் வாங்கிய தங்கத்துக்கு. நான் பேச வந்தது அதற்கப்புறம் வந்த எட்டு வருஷத்தைப் பற்றி.

முன்கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி. ஐந்து வயதில் பள்ளிக்கூடம் போகும் வழியில் பஸ் ஏறி வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியது, அந்தக் கால் அதன் பிறகு சரியாக வளரவே இல்லை. அம்மா சரோஜா செங்கல் சுமந்தார், அப்புறம் காய்கறி விற்றார், மகனின் வைத்தியத்துக்கு மூன்று லட்சம் கடன் வாங்கினார். பள்ளியில் பையன் முதலில் ஆடியது வாலிபால். உடற்கல்வி ஆசிரியர் கவனித்து உயரம் தாண்டச் சொன்னார். 14 வயதில், கால் நன்றாக இருக்கும் பையன்களோடு போட்டியிட்டு இரண்டாவதாக வந்தார். பிறகு பெங்களூரில் சத்யநாராயணாவிடம் பயிற்சி, 2016 செப்டம்பரில் ரியோவில் 1.89 மீட்டர். ஆறடி உயரமுள்ள ஒருவரை நிற்க வைத்தால் அவர் தலைக்கும் மேலே இரண்டு அங்குலம்.

தமிழக அரசு இரண்டு கோடி ரூபாய் அறிவித்தது, 2017-இல் பத்மஸ்ரீ வந்தது. வயது 21. அத்தோடு நிறுத்தியிருந்தால் யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லியிருக்க மாட்டோம்.

உயரம் தாண்டுதல் எப்படிப்பட்ட ஆட்டம் என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பின்வரிசைப் பிள்ளைகளுக்காக. குச்சியை ஏற்றிக்கொண்டே போவார்கள், தொடர்ந்து மூன்று முறை தட்டிவிட்டால் நீங்கள் வெளியே. அதாவது ஜெயித்தவர்கூட பெரும்பாலும் அன்றைய கடைசித் தாவலில் குச்சியைத் தட்டிவிட்டுத்தான் மெத்தையிலிருந்து எழுந்து வருவார். ஓட்டத்தில் கோட்டைத் தாண்டிய சந்தோஷத்தோடு முடிக்கலாம். இதில் அந்தக் கொடுப்பினை அநேகமாகக் கிடையாது. இப்படி ஒரு ஆட்டத்தை வருஷக்கணக்காக ஆடுகிறவரின் மனது எப்படி இருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, ரியோவுக்குப் பிறகு என்ன ஆனது? 2019 துபாய் உலக பாரா தடகளப் போட்டியில் அவர் தாண்டியது 1.80, வெண்கலம். ஒன்பது சென்டிமீட்டர் குறைவு. டிவியில் பார்க்கிற நமக்கு அது நான்கு விரல் அகலம். தாண்டுகிறவருக்கு எவ்வளவு தெரியுமா? துபாயில் அவருக்கு முன்னால் வெள்ளி வாங்கிய பீகாரின் ஷரத் குமார் தாண்டியது 1.83, தங்கம் வாங்கிய அமெரிக்காவின் சாம் குரூ 1.86. முதல் மூன்று பேரும் ஆறு சென்டிமீட்டருக்குள் அடங்கிவிட்டார்கள்.

அடுத்து டோக்கியோ பாராலிம்பிக், 2021. தொடக்க விழாவில் தேசியக் கொடி ஏந்தப் போகிறவர் இவர் என்று அறிவித்தாயிற்று. கொரோனா தொற்று இருந்த ஒருவரோடு பயணம் செய்திருந்தார் என்பதால் கடைசி நேரத்தில் தனிமைப்படுத்தினார்கள், கொடியை இன்னொரு வீரர் தேக் சந்த் ஏந்தினார். இறுதிப் போட்டி அன்று மழை. இங்கே ஒரு சின்ன விஷயம் கவனியுங்கள். பாதிக்கப்பட்ட காலில் அவர் சாக்ஸ் மட்டும்தான் போட்டு ஓடிவருவார், அது நனைந்துவிட்டது. நனைந்த துணியோடு ஈரத்தரையில் ஓடிவந்து, இடது காலை ஊன்றி எழும்ப வேண்டும். மழை இல்லாமல் இருந்திருந்தால் 1.90 தாண்டியிருப்பேன் என்று பிறகு சொன்னார். அன்று முடிந்தது 1.86, வெள்ளி. ஷரத்துக்கு முழங்காலில் காயம், அதோடு வெண்கலம் வாங்கினார். அவருடைய கதைக்கே தனியாக ஒரு கூட்டம் போடலாம்.

2023-இல் சீனாவின் ஹாங்சோவில் ஆசிய பாரா விளையாட்டுப் போட்டி. மறுபடியும் 1.80! தங்கம் இன்னொரு இந்தியர், சைலேஷ் குமாருக்குப் போனது. ஏழு வருஷத்துக்கு முன்னால் 1.89 தாண்டியவர், 28 வயதில், 1.80-இல் நிற்கிறார். வெளியிலிருந்து பார்க்கிற யாரும் இனி அவ்வளவுதான் என்றுதான் முடிவுகட்டியிருப்பார்கள்.

அடுத்த மே மாதம், ஜப்பானின் கோபே நகரம், உலகப் போட்டி. 1.88. தங்கம்.

இந்த இடத்துக்குத்தான் நான் கை தட்டக் கேட்கிறேன். ரியோவில் அவரை யாருக்கும் தெரியாது, இழக்கவும் எதுவும் இல்லை. கோபேயில் நின்றவர், தன்னுடைய பழைய உயரம் என்னவென்று ஊருக்கே தெரியும் என்ற சுமையோடு ஓடிவந்தவர். என்னைக் கேட்டால் 1.89-ஐ விட அந்த 1.88 பெரியது.

அதே ஆண்டு செப்டம்பரில் பாரிஸ். 1.85, வெண்கலம். அடுத்தடுத்து மூன்று பாராலிம்பிக்கில் பதக்கம் வாங்கிய முதல் இந்தியர் இவர்தான். ஆனாலும் தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று ஒவ்வொரு படியாக இறங்கிவிட்டார் என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதைக் கேட்டால் கோபம் வரும். ரியோவில் வெள்ளி 1.86-க்குக் கிடைத்தது. பாரிஸில் எஸ்ரா ஃப்ரெச் என்ற 19 வயதுப் பையன் 1.94 தாண்டித் தங்கம் வாங்கினார், அவர் வயதில் மாரியப்பன் ரியோவுக்கே போயிருக்கவில்லை. ஆட்டம் அவ்வளவு மேலே போய்விட்டது. அந்த உயரத்தில், 29 வயதில், இவர் இன்னும் மேடையில் நிற்கிறார்.

கடைசியாக ஆசிரியர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். காலில் குறை உள்ள பிள்ளையை பி.டி. பீரியடில் ஒரு நோட்டைக் கையில் கொடுத்து ஸ்கோர் எழுத உட்கார வைத்துவிடுகிறோம். நல்ல எண்ணத்தில்தான் செய்கிறோம், பிள்ளைக்கு அடிபட்டுவிடக் கூடாது என்று. பெரியவடகம்பட்டியில் அந்த உடற்கல்வி ஆசிரியரும் அப்படிச் செய்திருக்கலாம். வரும் திங்கட்கிழமை அந்த நோட்டை நீங்களே வைத்துக்கொண்டு, பிள்ளையிடம் என்ன ஆட ஆசை என்று கேளுங்கள். பாரா விளையாட்டில் பிரிவு எப்படிப் பிரிக்கிறார்கள், யாரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று பெற்றோர் யாருக்காவது சந்தேகம் இருந்தால், கூட்டம் முடிந்ததும் மேடைக்குப் பக்கத்திலேயே இருப்பேன், வந்து கேளுங்கள். நன்றி.