ஐந்து தலைமுறைக் கத்தரிக்கோல்

நேயர்களுக்கு வணக்கம். லண்டனில் சாவில் ரோ என்று ஒரு தெரு. ஆண்களுக்கு அளவெடுத்துக் கோட் தைப்பதில் உலகப் பேர் பெற்ற தெரு அது. அங்கே இருக்கும் ஹென்றி பூல் கடையைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

1806-இல் ஜேம்ஸ் பூல் என்பவர் துணிக்கடையாகத் தொடங்கினார். வாட்டர்லூ போர்க் காலத்தில் ராணுவ உடை தைப்பதில் கடைக்குப் பேர் வந்தது. 1846-இல் அவர் இறந்ததும் மகன் ஹென்றி பொறுப்பேற்று, சாவில் ரோ பக்கம் வாசல் வைத்துக் கடையைப் பெரிதாக்கினார். மூன்றாம் நெப்போலியன், விக்டோரியா மகாராணி என்று அரண்மனை ஆர்டர்கள் குவிந்தன. 1865-இல் வேல்ஸ் இளவரசருக்கு, வீட்டு விருந்துக்கென்று வாலில்லாத நீலநிறக் குட்டைக் கோட் ஒன்று தைத்தார்கள். மாலை விருந்துகளுக்கு ஆண்கள் போடும் இன்றைய டின்னர் ஜாக்கெட்டுக்கு அதுதான் முன்னோடி என்று அந்தக் கடையின் பேரேட்டைக் காட்டிச் சொல்கிறார்கள்.

என்னைக் கேட்டால், கோட்டைவிடப் பேரேடுதான் முக்கியம். பெரிய மனிதர்களிடம் பாக்கியைக் கறாராகக் கேட்கும் வழக்கம் ஹென்றிக்கு இல்லை. 1876-இல் அவர் காலமானபோது கடை கடனில் நின்றது. உறவினர் சாமுவேல் கன்டி பொறுப்பேற்று, வர வேண்டியதை வசூலித்துக் கடையை நிமிர்த்தினார். அன்றிலிருந்து இன்றுவரை ஐந்து தலைமுறையாகக் கன்டி குடும்பத்தார் கையில்தான் கடை இருக்கிறது. தையற்கடை நொடித்துப்போவது பெரும்பாலும் ஊசியால் அல்ல, கடனால்தான். இதை அழுத்திச் சொல்கிறேன்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் கட்டர், அதாவது துணி வெட்டும் தலைமைக் கைவினைஞர், அளவெடுப்பார். நாடா சொல்லாததையும் கண்ணால் பார்த்துக் குறித்துக்கொள்வார்: வலது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கிறதா, முதுகு வளைந்திருக்கிறதா, நிற்கும்போது இடுப்பு முன்னால் வருகிறதா என்று. அதை வைத்து அந்த ஒருவருக்கென்றே தடித்த காகிதத்தில் பேட்டர்ன் வரைந்து வெட்டுவார்கள். துணியை வெட்டி, வெள்ளை நூலால் ஓட்டுத் தையல் போட்டு, டிரையல் பார்ப்பார்கள். அப்புறம் அத்தனையையும் பிரித்துச் சுண்ணாம்புக் கோடு போட்டுத் திருத்துவார்கள். மார்புக்குள் குதிரைமுடி கலந்த கான்வாஸ் வைத்துக் கையாலேயே ஆயிரக்கணக்கான சிறு தையல் போடுவார்கள். காலர் மடிப்பு தானாக உருண்டு நிற்பதற்குக் காரணம் அந்தத் தையல்தான். ஒட்டுப் பசை வைத்தால் நேரம் மிச்சம், ஆனால் சில வருடத்தில் மார்புப் பகுதி உப்பிக் குமிழ் விடலாம். நல்ல தையற்காரர் தையல் மூட்டுக்குள் கூடுதல் துணி விட்டிருப்பார். ஆள் பெருத்தால் பிரித்து விடலாம். மகனுக்கே கோட் பொருந்தலாம்.

பேட்டர்னைத் தூக்கிப் போடுவதில்லை. வாடிக்கையாளரின் உடம்பு மாற மாற அதன்மேலேயே திருத்திக்கொண்டு போவார்கள். அதுதான் அடுத்த தலைமுறைக்குச் சேரும் சொத்து. கட்டடம்கூட நிலைக்கவில்லை: 1961-இல் குத்தகை முடிந்து, பழைய கடை இடிக்கப்பட்டது. பக்கத்தில் கார்க் தெருவுக்குப் போனார்கள். 1982-இல் சாவில் ரோவில் 15-ஆம் எண்ணுக்குத் திரும்பி வந்து, அங்கேயே இப்போதும் தைக்கிறார்கள்.