பழைய லாரி என்ஜினுக்குச் சாமான் வாங்கும் முன்

நேயர்களுக்கு வணக்கம். போடிமெட்டு ஏற்றத்தில் நீலப் புகை, ஆயில் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று காற்று, தினமும் ஆயில் குறைவு. இப்படி இருக்கிற பழைய லாரியின் என்ஜினைப் பிரித்ததும் நம் ஊரில் முதலில் நடப்பது, ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு ஓடுவது. கடைக்காரர், "என்ன மாடல், என்ன சைஸ்ண்ணே?" என்பார். வண்டிக்காரர் ஆர்சி புக்கைப் புரட்டுவார். நாலு கை மாறிய வண்டியில் முதலில் வந்த என்ஜினே இருக்கிறது என்று எதை வைத்து நம்புவது? என்ஜின் பிளாக்கில் வெட்டியிருக்கும் நம்பரைக் கிரீஸ் துடைத்துப் படியுங்கள். அதுதான் ஆரம்பம்.

டாட்டாவில் ஒரு வசதி உண்டு, என்ஜின் பெயரே அளவைச் சொல்லிவிடும். 697 என்றால் 6 சிலிண்டர், 97 மில்லிமீட்டர் போர், அதாவது சிலிண்டர் துளையின் விட்டம். அதற்கு முந்தைய 692-இல் போர் 92. 407 வண்டியில் வந்த 497-க்கு 4 சிலிண்டர், போர் அதே 97. அதற்காக ஒன்றின் பிஸ்டனை இன்னொன்றுக்கு எடுத்துவிடாதீர்கள். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமான ஸ்ட்ரோக் 697-க்கு 128, 497-க்கு 100. ராடை மாட்டும் பிஸ்டன் பின்னுக்கான துளை எந்த உயரத்தில் இருக்கிறது, தலைக்குழி எப்படி இருக்கிறது என்று பழைய பிஸ்டனைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

பழைய லேலண்டில் 370, 400, 680 என்பவை கன அங்குலக் கணக்கு. 400 என்றால் சுமார் ஆறரை லிட்டர். பிரிட்டிஷ் வடிவமைப்பு என்பதால் மரையும் அங்குல மரை. 80-களில் ஜப்பானின் ஹினோவோடு சேர்ந்து வந்த என்ஜின்களில் எல்லாம் மில்லிமீட்டர். ஒரே கம்பெனி வண்டிதானே என்று போல்ட்டுகளைக் கலந்தால் வம்பு. 5/16 அங்குலம் என்பது 7.94 மில்லிமீட்டர். அந்தத் துளையில் 8 மில்லிமீட்டர் போல்ட் ஒரு சுற்று ஏறும், அப்புறம் இறுகும். கையால் ஏறாத போல்ட்டை ஸ்பேனர் போட்டு ஏற்றினால் போவது பிளாக்கின் மரை.

சரி, சைஸுக்கு வருவோம். காசு வீணாவது இங்கேதான். என்ஜினுக்கு ஒரே ஒரு சைஸ் என்று பலர் நினைக்கிறார்கள். "முப்பது தௌ செட் கொடுங்க" என்று மொத்தமாகக் கேட்கிறார்கள். தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. போர் வேறு, பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் கிராங்க் தண்டு வேறு. போன முறை சிலிண்டருக்குள் லைனர் என்ற உறையைப் புதிதாக அடித்திருந்தால் போர் ஸ்டாண்டர்டுக்குத் திரும்பியிருக்கும், பிஸ்டனும் ஸ்டாண்டர்டுதான். அதே என்ஜினில் கிராங்க் இரண்டு முறை கிரைண்டிங் போயிருக்கலாம். போரைக் குடைந்து பெரிதாக்கினால் பிஸ்டன் பெரிதாக வேண்டும். கிராங்க்கைத் தேய்த்துச் சிறிதாக்கினால் பேரிங்கின் கனம் கூட வேண்டும். கிராங்க்கிலும் பிளாக்கில் உட்காரும் மெயினுக்கு ஒரு அளவு, கனெக்டிங் ராடு பிடிக்கும் பிக் எண்டுக்கு வேறு அளவு இருக்கலாம்.

எப்படிக் கண்டுபிடிப்பது? கழற்றிய பேரிங்கின் முதுகைப் பாருங்கள். ஸ்டாண்டர்டு என்பதற்கு எஸ்டிடி என்றோ, கூடுதல் அளவுக்கு 0.25, 0.50 என்றோ அடித்திருக்கும். 0.25 மில்லிமீட்டர் என்பது நம் லேத் பட்டறைக் கணக்கில் பத்து தௌ. பிஸ்டன் தலையிலும் அப்படியே. ஆனால் அதுவும் முடிவான சாட்சி இல்லை, போன மெக்கானிக் தப்பாகவே போட்டிருந்தால்? மைக்ரோமீட்டர் வைத்துக் கிராங்க்கை அளக்கச் சொல்லுங்கள், பேரிங் பிடிக்கும் ஒவ்வொரு ஜர்னலிலும் குறுக்கே இரண்டு திசையில். தேய்மானம் ஒரு பக்கமாகத்தான் இருக்கும். கிரைண்டிங் முடிந்து அளவு கையில் வந்த பிறகு பேரிங் வாங்குங்கள். முன்னாலேயே வாங்கி வைப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

ரிங்கை நேராகப் பிஸ்டனில் மாட்டாதீர்கள். போருக்குள் விட்டு, பிஸ்டனால் தள்ளிச் சமமாக்கி, ரிங்கின் இரண்டு முனைக்கும் நடுவே உள்ள வாயிடைவெளியை ஃபீலர் கேஜ் தகட்டால் அளந்து பாருங்கள். விட்டத்தின் அங்குலத்துக்கு நாலு தௌ என்பது பட்டறைக் கணக்கு. 97 மில்லிமீட்டர் போருக்கு 15 தௌ வரும்.

டீசலைத் தெளிக்கும் நாசிலில் டிஎல்எல்ஏ 150 என்பதுபோல அடித்திருக்கும். அந்த 150 டீசல் தெறிக்கும் கோணம். கோணம் மாறினால் தெளிப்பு பிஸ்டனின் குழிக்குள் விழாமல் விளிம்பில் விழும், தலை எரியும். டிஎன் என்று தொடங்கினால் அது, டீசலைத் தனியாக ஒரு சின்ன முன்னறையில் தெளிக்கும் என்ஜினுக்கானது, உருவத்தில் ஒத்துப்போனாலும் வேண்டாம்.

கனெக்டிங் ராடும் அதன் கேப்பும் சேர்த்துத் துளையிட்டவை. இரண்டிலும் ஒரே எண் இருக்கும், மாற்றிப் போடக் கூடாது. காயலான் கடையில் ராடு எடுத்தால் கேப்போடு எடுங்கள், எடையும் மற்ற ராடுகளோடு ஒத்திருக்க வேண்டும். ஹெட் எடுத்தால் இரண்டு வால்வுக்கு நடுவே கீறல் இருக்கிறதா என்று சாயச் சோதனை போட்டுப் பார்த்த பிறகுதான் காசு கொடுக்க வேண்டும். 'ஓடிக்கிட்டிருந்த வண்டிண்ணே' என்று கடைக்காரர் சொன்னாலும் சரி.

நன்றி, வணக்கம்.