மணலில் ஒரு பாஸ்பேட், லேசரில் ஒரு பாஸ்பேட்

[காட்சி: மணவாளக்குறிச்சி கடற்கரை. உள்ளங்கையில் ஒரு பிடி மணல்.]

கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலை உற்றுப் பார்த்தால், தேன் நிறத்தில் சில துகள்கள் தெரியும். அதுதான் மோனசைட். 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் இங்கே அதைக் கண்டறிந்தார். சீரியம், லந்தனம், நியோடிமியம் போன்ற அருமண் தனிமங்களும் பாஸ்பரஸும் ஆக்சிஜனும் சேர்ந்த படிகம் அது. பாஸ்பரஸும் ஆக்சிஜனும் சேர்ந்த பகுதிக்குத்தான் பாஸ்பேட் என்று பெயர். கூடவே கொஞ்சம் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமமும் உண்டு.

சரி, இதே அருமண் தனிமங்களின் ஆக்சைடை எடுத்து, பாஸ்பரஸ் ஆக்சைடை மட்டும் தூக்கலாகச் சேர்த்து, உருக்கி வேகமாகக் குளிரவைத்தால் என்ன ஆகும்? படிகமாக அடுக்கிக்கொள்ள அணுக்களுக்கு நேரம் கிடைக்காது. கண்ணாடியாக உறைந்துவிடும்.

[காட்சி: சிலிக்கா வலைப்பின்னல், பக்கத்தில் பாஸ்பேட் சங்கிலி.]

ஜன்னல் கண்ணாடிக்கு அடிப்படை சிலிக்கா. தூய சிலிக்காவில் ஒவ்வொரு சிலிக்கானைச் சுற்றியும் நான்கு ஆக்சிஜன். நான்குமே அடுத்த சிலிக்கானுக்குப் போகும் பாலங்கள். பாஸ்பரஸைச் சுற்றியும் நான்கு ஆக்சிஜன்தான், ஆனால் ஒன்று பாஸ்பரஸோடு இரட்டைப் பிணைப்பு போட்டுக்கொண்டு அங்கேயே நின்றுவிடும். மிச்சம் மூன்று பாலம்.

ஒரு பங்கு அருமண் ஆக்சைடுக்கு மூன்று பங்கு பாஸ்பரஸ் ஆக்சைடு என்று சேர்த்தால், அந்த மூன்றிலும் ஒன்று அறுந்துபோகும். இரண்டு பாலத்தோடு பாஸ்பரஸ்கள் சரம் சரமாகக் கோத்துக்கொள்ளும். மெட்டாபாஸ்பேட் கண்ணாடி என்பது இதுதான்.

சரங்களுக்கு நடுவே அருமண் அயனிகள், அதாவது மின்னேற்றம் பெற்ற அணுக்கள், உட்காருகின்றன. பாலம் ஆகாத ஆக்சிஜன்கள் அவற்றைச் சூழ்ந்துகொள்ளும். அயனி பெரிதாக இருந்தால், லந்தனம் போல, ஏழெட்டு ஆக்சிஜன். எர்பியம், இட்டெர்பியம் போல் சிறிதாக இருந்தால் சுமார் ஆறு.

என்னைப் பொறுத்தவரை, இந்தக் கண்ணாடியின் பெருமை முழுக்க இங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு அயனிக்கும் தனி இடம் கிடைக்கிறது. தூய சிலிக்காவில் இதே அயனிகள் இடமில்லாமல் கும்பலாக ஒட்டிக்கொள்ளும். ஒட்டியிருக்கும் நியோடிமியம் அயனிகள் வாங்கிய ஆற்றலைப் பக்கத்து அயனிக்குக் கொடுத்து, ஒளியாகாமலே வெப்பமாகத் தொலைத்துவிடும்.

[காட்சி: பெரிய ஊதா நிறக் கண்ணாடிப் பலகை.]

இது கலிபோர்னியாவின் லிவர்மோர் ஆய்வகத்தில் உள்ள நேஷனல் இக்னிஷன் ஃபெசிலிட்டி. 192 லேசர் கற்றைகள். அவற்றின் வலிமையைக் கூட்ட நியோடிமியம் கலந்த பாஸ்பேட் கண்ணாடிப் பலகைகள் 3,000-க்கும் மேல், ஒவ்வொன்றும் 40 கிலோவுக்கு மேல். விளக்கொளியில் ஊக்கம் பெற்ற நியோடிமியம் 1053 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியைத் தருகிறது. 2022 டிசம்பர் 5 அன்று, 2.05 மெகாஜூல் லேசர் ஆற்றலை ஹைட்ரஜன் எரிபொருள் இலக்கின் மீது செலுத்தி, அணுக்கரு இணைவில் 3.15 மெகாஜூல் பெற்றது இங்கேதான்.

இந்தப் பலகையைச் செய்வது லேசான வேலை இல்லை. கண்ணாடி ஒரே சீராக வரவேண்டும் என்பதால் பிளாட்டினம் பாத்திரத்தில் வைத்துப் பக்குவப்படுத்துகிறார்கள். அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு துணுக்கு உதிர்ந்து கண்ணாடிக்குள் மாட்டினாலும் போதும். லேசர் பட்டதும் அது கொதித்து வெடித்து, சுற்றிலும் விரிசல் விடும். ஆனால் பாஸ்பேட் உருகிய நிலையில் பிளாட்டினத்தைக் கரைத்துக்கொள்ளும். ஆக்சிஜனைக் குமிழிகளாக விட்டால் இன்னும் நன்றாகக் கரைக்கும். பழைய சிலிக்கேட் லேசர் கண்ணாடிக்கு இந்தத் திறமை போதவில்லை.

அடுத்த எதிரி ஈரம். பாஸ்பேட்டுக்குத் தண்ணீர் மேல் தீராத ஆசை. கண்ணாடிக்குள் தங்கும் ஹைட்ராக்சில் (தண்ணீரிலிருந்து வரும் ஆக்சிஜன்-ஹைட்ரஜன் ஜோடி), தன் அதிர்வால் நியோடிமியத்தின் ஆற்றலைத் திருடிக்கொள்ளும். குளோரின் கலந்த வாயுவை உருக்கினூடே செலுத்தி அதை விரட்டுகிறார்கள்.

இந்தக் குடும்பத்தில் எனக்கு மிகவும் பிடித்த விசித்திரம் ஒன்று: சமேரியம் பாஸ்பேட் கண்ணாடி. பெரும்பாலான பொருட்கள் அழுத்த அழுத்த விறைப்பாகும். இதுவோ அழுத்தினால் மேலும் எளிதாக அமுங்கும்.

[காட்சி: மீண்டும் தேன் நிறத் துகள்.]

அப்புறம் நம் மோனசைட். கண்ணாடியில் இருக்கும் பாஸ்பரஸ்-ஆக்சிஜன்-பாஸ்பரஸ் பாலங்கள்தான் தண்ணீர் கடிக்கும் இடம். மோனசைட் படிகத்தில் அந்தப் பாலமே கிடையாது. ஒவ்வொரு பாஸ்பேட்டும் தனித்தனி. மழையும் அலையும் பாறையைப் பொடியாக்கிய பிறகும், கோடிக்கணக்கான ஆண்டுகள் தோரியத்தை உள்ளே பூட்டியபடி இது கிடக்கிறது. புளூட்டோனியம் போன்ற அணுக்கழிவுகளை அடைத்துவைக்க மோனசைட் அமைப்பில் செயற்கை செராமிக்குகளை ஆராய்ச்சியாளர்கள் செய்து பார்ப்பது இதனால்தான்.